வாத்தியார் ஒரு வீட்டில், சிஷ்யன் ஒரு வீட்டில்

கொழுந்துக்கு ஊரடங்கு தெரியாது. 2020 மார்ச் 25இல் நாடே அடைபட்டபோதும் நீலகிரியில் தேயிலை துளிர்த்துக்கொண்டேதான் இருந்தது. நாலு வாரம்கூட ஆகவில்லை, பாதி ஆட்களை வைத்துத் தோட்டத்தை நடத்தலாம் என்று அனுமதி வந்தது. அந்தத் தோட்டங்களில் ஆடும் கூத்துக்குப் பாதி ஆள் கணக்கெல்லாம் கிடையாது. நோய் தீர்ப்பவள் என்று கும்பிடுகிற ஊட்டி மாரியம்மனுக்கே அந்தச் சித்திரையில் தேர் ஓடவில்லை. தப்புக்கும் சலங்கைக்கும் யார் வழிவிடப்போகிறார்கள்?

பெருந்தொற்றில் மூத்த நடிகர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னார்கள். வெளியூர்க் கதைகள் எளிதில் கிடைக்கின்றன. ஆங்கில நடிகர் பாட்ரிக் ஸ்டூவர்ட் வீட்டிலிருந்தபடியே நாளுக்கொரு ஷேக்ஸ்பியர் கவிதையை வாசித்து வெளியிட்டார். இயன் மெக்கெல்லன் 2021இல், 82 வயதில், விண்ட்ஸர் மேடையில் ஹாம்லெட்டாக நின்றார். நல்லதுதான். அவர்களுக்கு ஹாம்லெட் அச்சில் இருக்கிறது. நடிகர் படுத்துக்கொண்டாலும் நாடகம் எங்கும் போய்விடாது.

தோட்டத்துக் கூத்துக்கு அந்த வசதி ஏது? 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறிய தோட்டத் தொழிலாளர்கள் பெட்டியில் அதிகம் கொண்டுவரவில்லை. அங்கே லயம் எனும் லைன் வீடுகளில் பார்த்து வளர்ந்த காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எல்லாம் தலைக்குள்தான் வந்தன. காமன் கூத்தில், மாசியில் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் ஆடி, சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும்வரை பாட்டும் வசனமும் அடவும் வாத்தியார் ஒருவரின் நினைவிலேயே நிற்கும். 2020இல் மாசிப் பௌர்ணமி மார்ச் 9. அதிலிருந்து பதினாறாம் நாள் ஊரடங்கு.

அந்த மே மாத விதி ஒன்று என்னை இன்றுவரை உறுத்துகிறது. 65 வயதைத் தாண்டியவர்களும் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அவசியத் தேவைக்கன்றி வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. மருத்துவக் கண்ணோட்டத்தில் சரியான விதி, மறுக்கவில்லை. ஆனால் கூத்து கைமாறுவது இந்த இரண்டு வயதுக்காரர்களுக்கும் இடையில்தானே? கற்றுக்கொடுப்பவர் முதல் வகை. கற்றுக்கொள்ள வேண்டியவன் இரண்டாம் வகை.

நூறு வருடம் பின்னால் போனால் இதற்கு நேரெதிரான காட்சி. 1918. இன்ஃபுளுயென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன காலம். அதே வருடம் மதுரையில், ஐம்பதைத் தொட்டுவிட்ட நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். இரணியனாகவும் எமனாகவும் மேடையை அதிரவைத்து, பிறகு வேஷத்தை விட்டு வாத்தியாரானவர். அவர் சேர்த்துக்கொண்டது பிள்ளைகளை. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர்களில் சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தப் பொடியனுக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததை, பின்னாளில் அவ்வை சண்முகமாகப் பெயரெடுத்த அந்தப் பையனே சொல்லிவைத்திருக்கிறார். கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து சுவாமிகளுக்குப் பேச்சு நின்றது. 1922இல் புதுச்சேரியில் காலமானார். 1925இல் சகோதரர்கள் சொந்தக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள். முதுமையில் ஒரு நடிகர் செய்த புது நாடகம் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கேமராவுக்கு முன் உட்கார்ந்து வாசிப்பது அப்புறம்தான்.

கைபேசியில் பிடித்துவைத்தால் போதாதா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். பிடிக்கட்டும், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் காமன் பண்டிகையின் போட்டிப் பாட்டான லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும், எரியவில்லை என்று இன்னொரு கட்சி மறிக்கும். எதிராளி என்ன கேள்வி போடுகிறானோ, அதிலிருந்துதான் அடுத்த அடி பிறக்கும். ஒரு பெரியவரை உட்காரவைத்துப் பதிவு செய்தால் அன்றைக்கு வந்த பத்துப் பாட்டு கிடைக்கும். மடக்கினால் அவர் எடுத்துவிடக்கூடிய பதினோராவது பாட்டு கிடைக்காது. அதற்கு எதிரே உட்கார்ந்து மடக்கத் தெரிந்த ஒருவன் வேண்டும். லைன் வீடுகளில் இப்போது அப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?