கையில் 3 "சீட்", டி.சி. ஒன்றுதான்!
அம்பத்தூர் தொழிலாளி மகள் எந்தக் கல்லூரிக்குப் போனார்?

டாக்டருக்குப் படிக்க ஒரு "சீட்" கிடைக்காதா என்று ஆயிரக்கணக்கான மாணவ-மாணவிகள் ஏங்கிக் கிடக்கிறார்கள். ஆனால் அம்பத்தூரைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு 3 கல்லூரிகளில் இடம் கிடைத்தது. அதுவும் ஒரே மாதத்தில்!

"அதிர்ஷ்டக்காரப் பொண்ணு" என்று தெருவே பேசியது. அந்த வீட்டிலோ 2 நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. அழுகை, சண்டை, சமாதானம் என்று ஒரே அமளி!

காரணம் இதுதான். இடம் 3 இருக்கலாம். பள்ளிக்கூடம் கொடுத்த மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) ஒன்றுதான். அதை எந்தக் கல்லூரியில் கொடுக்கிறாரோ, அங்குதான் அவர் மாணவி.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த சம்பவம் இது.

பிரஸ் ஷாப் தொழிலாளி

மாணவியின் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறார். தகடு வெட்டும் எந்திரம். 2016-ல் அந்த எந்திரத்தில் அவருடைய இடது கை சிக்கியது. 2 விரல்கள் போய்விட்டன. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்தது.

அப்போது மகள் 3-ம் வகுப்பு. கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "நான் டாக்டராகி சரி பண்றேன்ப்பா" என்று சொன்னாராம். தந்தை அதை மறக்கவில்லை. மகளும் மறக்கவில்லை.

அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ்-2 முடித்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்தது. அது உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. எனவே பொது வரிசையில்தான் அவர் நிற்கவேண்டியிருந்தது.

முதல் சீட்டு: வேப்பேரி

முதலில் வந்தது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இடம். 1903-ல் தொடங்கிய பழம்பெரும் கல்லூரி. இங்கு மாநில இடங்களுக்கு "நீட்" மார்க் தேவை இல்லை. பிளஸ்-2 மார்க் போதும். 5½ ஆண்டுப் படிப்பு. கட்டணமும் அரசுக் கட்டணம்.

மாணவி சேர்ந்துவிட்டார். டி.சி.யும் மற்ற அசல் சான்றிதழ்களும் அங்கே போய்விட்டன.

"வீட்டிலிருந்தே பஸ்சில் போய் வரலாம். மாடு பார்த்தாலும் டாக்டர், மனுஷனைப் பார்த்தாலும் டாக்டர்" என்று தந்தை நிம்மதியாக இருந்தார்.

2-வது சீட்டு: டெல்லியிலிருந்து!

2 வாரம் கழித்து டெல்லி மருத்துவக் கவுன்சலிங் கமிட்டியின் முதல் சுற்று முடிவு வெளியானது. பிரவுசிங் சென்டர்காரர் ஓடிவந்து, "அண்ணே, பொண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைச்சிருக்கு!" என்றார்.

இடம் கிடைத்தது கர்நாடகத்தில் உள்ள கலபுரகி. பழைய பெயர் குல்பர்கா. அங்குள்ள இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி.

இந்த இடம் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. திட்டம் 1948-ம் ஆண்டு சட்டப்படி ஏற்பட்டது. 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் முதலில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி தரப்பில் 3.25 சதவீதம் என்று 2019 ஜூலை முதல் சந்தா விகிதம் மாற்றி அமைக்கப்பட்டது. இந்த நிறுவனம் நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில், சந்தா கட்டும் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு என்று தனி இடங்கள் உண்டு. சென்னை கே.கே.நகரில் 2013-ல் தொடங்கிய கல்லூரியும் அதில் ஒன்று.

மாணவியின் தந்தைக்கு மாதச் சம்பளம் ரூ.20 ஆயிரம். அதில் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் ரூ.150.

"எதுக்கு மாசா மாசம் இந்த நூத்தம்பதைப் பிடிக்கிறாங்கன்னு சண்டை போட்டிருக்கேன். டைம் ஆபீஸ் கிளார்க்தான், 'யோவ், உன் பொண்ணுக்கு இதுல ஒரு சலுகை இருக்கு. காப்பீட்டாளர் பிள்ளைங்கிற சர்டிபிகேட்டை முதல்ல வாங்கு'ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தை சொல்லலேன்னா எங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது" என்றார் தந்தை.

3-வது சீட்டு: தனியார் கல்லூரி

அடுத்த 2 நாளில் கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழுவின் மாநிலக் கவுன்சலிங் முடிவு வந்தது. அதிலும் மாணவியின் பெயர் இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அரசு ஒதுக்கீட்டு இடம்.

பெயர்தான் அரசு ஒதுக்கீடு. கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணம் அல்ல. தனியார் கல்லூரிகளில் இந்த இடங்களுக்கு ஆண்டுக்கு ரூ.4½ லட்சம் வரை கட்டணம் என்று 2022-ல் கட்டணக்குழு நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீடு என்றால் ரூ.13½ லட்சம்!

ஆண்டுக்கு 4½ லட்சம் என்றால், 4½ ஆண்டுப் படிப்புக்கு ரூ.20 லட்சத்துக்கு மேல் ஆகிறது. ஹாஸ்டல், புத்தகம், பஸ் எல்லாம் தனி.

வீட்டில் யுத்தம்

தாய்க்கு தனியார் கல்லூரி மேல்தான் ஆசை.

"பாஷை தெரியாத ஊரு. வயசுப் பொண்ணு. ஜுரம்னு படுத்தா ஒரு கஞ்சி வெச்சுக் குடுக்க யாரு இருக்கா? கடனை வாங்கியாவது இங்கேயே படிக்கட்டும்" என்று அழுதார்.

தாய்மாமன் ஆவடியில் இருக்கிறார். செய்தி கேட்டு வந்தவர், மஞ்சள் பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தார்.

"மாப்ளே, இதை பாங்கில் வையுங்க. பாப்பா படிச்சு மீட்டுத் தரட்டும்" என்றார்.

ரூ.7½ லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்து ஜாமீன் கேட்பது வங்கிகளின் வழக்கம். அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் பத்திரத்தோடு வந்திருந்தார்.

தந்தை ஒன்றும் பேசவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பத்திரத்தை எடுத்து மாமன் கையில் திருப்பிக் கொடுத்தவர் மாணவிதான்.

"உங்களுக்கும் 2 பொண்ணு இருக்கு மாமா. இது அவங்க வீடு. இதை வெச்சு நான் படிக்க மாட்டேன்" என்றார்.

தாய்மாமன் கண் கலங்கிவிட்டார்.

"எல்லி நோவு?"

தனியார் கல்லூரி கழிந்தது. மீதி இரண்டு. வேப்பேரியா? கலபுரகியா?

வேப்பேரியில் 2 வாரம் போய்வந்ததில் அந்தப் படிப்பும் மாணவிக்குப் பிடித்துவிட்டது. தோழிகள் சேர்ந்துவிட்டார்கள். ராத்திரி 12 மணி வரை தூக்கம் இல்லை.

பிரவுசிங் சென்டர்காரர் எங்கெங்கோ விசாரித்து, கலபுரகியில் 3-ம் ஆண்டு படிக்கும் ஒரு தமிழ் மாணவியின் டெலிபோன் நம்பரை வாங்கி வந்தார். போனை முதலில் வாங்கிப் பேசியது தாய்தான்.

"அங்கே சோறு கிடைக்குமாம்மா?"

"ரொட்டிதான் அதிகம் ஆன்ட்டி. சோறும் கிடைக்கும். வெயில் நம்ம வேலூர் மாதிரி. நாங்க தமிழ்ப் பசங்க கொஞ்சம் பேர் இருக்கோம். தங்கச்சியை நான் பார்த்துக்கறேன்."

"பாஷை?"

"பாடம் இங்கிலீஷ்தான் ஆன்ட்டி. நோயாளிகிட்டே பேசத்தான் கன்னடம் வேணும். முதல்ல கத்துக்கிட்டது 'எல்லி நோவு?' எங்கே வலிக்குதுன்னு அர்த்தம்."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி சிரித்துவிட்டார்.

"நோவுன்னா அங்கேயும் நோவுதானாடி? அப்புறம் இன்னா பாஷை தெரியாதுன்னு அழுவுறே? அனுப்பு புள்ளையை!" என்று மருமகளை அதட்டினார்.

மறுநாள் விடியற்காலை மாணவி தந்தையை எழுப்பினார். "குல்பர்காவுக்கே போறேன்ப்பா" என்றார்.

டி.சி.க்கு ஓட்டம்

அப்போதுதான் அடுத்த தலைவலி தொடங்கியது. அசல் சான்றிதழ்கள் வேப்பேரியில்! கலபுரகியில் சேர 2 நாள்தான் பாக்கி.

தந்தை லீவு போட்டார். காலை 9 மணிக்கே இருவரும் வேப்பேரி போய்விட்டார்கள். விலகல் கடிதம், அதில் பெற்றோர் கையெழுத்து, நூலகத்தில் பாக்கி இல்லை என்ற சான்று என்று ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கினார்கள். மதியம் 3 மணிக்கு டி.சி. கைக்கு வந்தது.

அங்கிருந்த ஒரு ஊழியர், "நல்லாப் படிம்மா. உன் இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் ஒரு பையன் காத்துக்கிட்டு இருக்கான்" என்றாராம். அதைக் கேட்ட பிறகுதான் மனசு லேசானது என்கிறார் மாணவி.

அன்றே மும்பை ரெயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் தந்தையும் மகளும் ஏறினார்கள். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர் என்று ரெயில் ஓடியது. மகள் உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, சான்றிதழ் பையை மார்போடு அணைத்தபடி தந்தை கதவுப் பக்கம் நின்றே பயணம் செய்தார்.

மறுநாள் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது. "அட்மிஷன்" போட்டாகிவிட்டது.

கே.கே.நகர் கிடைக்குமா?

இத்துடன் கதை முடியவில்லை. முதல் சுற்றில் சேர்ந்தவர்கள், 2-வது சுற்றில் இதைவிட விருப்பமான இடம் கேட்கலாம். மாணவியும் கே.கே.நகர் கல்லூரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. புது இடம் ஒதுக்கப்பட்டால் பழைய இடம் தானாக ரத்தாகிவிடும். "இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன்" என்ற பேச்சுக்கு இடம் இல்லை. 2-வது சுற்று இடத்தில் சேர்ந்தவர்கள், அதன்பிறகு வேறு கவுன்சலிங்குக்கும் போகமுடியாது.

2-வது சுற்று முடிவு வந்தது. கே.கே.நகர் கிடைக்கவில்லை. கலபுரகியே நிலைத்தது.

தாய் அன்று முழுவதும் அழுதார். மறுநாள் ஊறுகாய் போட உட்கார்ந்துவிட்டார்.

பெற்றோர் கவனத்துக்கு

இதுபோன்ற நிலை பல வீடுகளில் ஒவ்வொரு ஆண்டும் ஏற்படுகிறது. 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, 1938-ல் வந்த ஸ்டான்லி, 1960-ல் வந்த கீழ்ப்பாக்கம் ஆகியவற்றைத்தான் எல்லாரும் முதலில் எழுதுகிறார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட விருதுநகர், நாமக்கல், ராமநாதபுரம் உள்பட 11 அரசுக் கல்லூரிகளைப் பலர் கடைசியில் எழுதுகிறார்கள். பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்கிறார்கள் அனுபவப்பட்ட டாக்டர்கள்.

அவர்கள் சொல்லும் யோசனைகள்:-

* ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டிடம் பளபளப்பாக இருந்து படுக்கைகள் காலியாக இருந்தால் மாணவன் எதைப் பார்த்துக் கற்பான்?

* முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தப் படிப்புக்கும் ஹாஸ்டலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

* படிப்பு முடிந்ததும் கட்டாய வேலை உண்டா, பாதியில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்ற ஒப்பந்தப் பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

* பயிற்சி டாக்டராக இருக்கும் கடைசி ஆண்டில் உதவித்தொகை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று அங்கு படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள்.

* கவுன்சலிங்கில் விருப்ப வரிசை எழுதும்போது, கிடைத்தால் சேரமாட்டோம் என்ற கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள்.

* இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளிகள், எத்தனை மாதம் கட்டியிருக்கவேண்டும் என்ற விதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்து, சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு அழுது பயன் இல்லை.

சம்பளச் சீட்டு

மாணவியின் தந்தை மீண்டும் அதே பிரஸ் ஷாப்பில் வேலைக்குப் போகிறார். அந்த மாதச் சம்பளச் சீட்டிலும் வழக்கம்போல ரூ.150 பிடித்தம் இருந்தது.

உடன் வேலை செய்யும் 4 பேர், "எங்க பசங்களுக்கும் அந்த சர்டிபிகேட் எப்படி வாங்குறது?" என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருடைய மகன் பிளஸ்-1, இன்னொருவர் மகள் 10-ம் வகுப்பு.

3 விரல் உள்ள இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாக அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார் அவர்.