வயிற்று வலியா... மனசு வலியா?

ஸ்கூல் பையை மாட்டும்போதே ‘வயிறு வலிக்குதும்மா’ என்று குழந்தை சிணுங்குகிறதா? டாக்டர் பார்த்துவிட்டு, ‘ஒண்ணுமில்லையே’ என்கிறாரா? வலி மனசில் இருக்கலாம்! அப்பா-அம்மா சண்டை, தாத்தாவின் மரணம், கூடப் படிக்கிறவனின் கேலி... ஏழு வயசுக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாது. வயிறுதான் பேசும்.

ஆஸ்திரேலியாவில் பல ஆரம்பப் பள்ளிகளில் இதைக் காதுகொடுத்துக் கேட்கவே ஒருவர் உண்டு. பெயர், ‘சாப்ளின்’ (சார்லி சாப்ளின் இல்லீங்க!). 2007-ல் மத்திய அரசின் நிதியோடு தொடங்கிய திட்டம் இது. பசியோடு வரும் பிள்ளைக்குக் காலை உணவு தருவது, மைதானத்தில் சேர்ந்து விளையாடுவது, தனியாக ஒதுங்கும் குழந்தையின் பக்கத்தில் போய் உட்காருவது... இதெல்லாம்தான் இவர் வேலை.

‘மதம் மாத்திடுவாங்களோ?’ என்ற பயம் அங்கே குடியேறிய நம்மவர்களுக்கும் உண்டு. மதப் பிரசாரம் கூடாது என்பது திட்டத்தின் விதி. 2023-லிருந்து மதச்சார்பில்லாத நல அலுவலரையும் பள்ளிகள் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் ஒன்று... சாப்ளின் மனநல மருத்துவர் அல்ல. தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, ‘செத்துப் போயிடலாம்’ என்ற பேச்சு இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

நம்மூர்ப் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையா? தினமும் பத்து நிமிஷம் டி.வி-யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ‘மார்க் எவ்வளவு?’ வேண்டாம். ‘இன்னிக்கு யார்கூட விளையாடினே?’ என்று கேளுங்கள். பதில் ‘யாரும் சேர்த்துக்கலை’ என்று வந்தால், அறிவுரை சொல்லாமல் முழுசாகக் கேளுங்கள். மருந்து அங்கேதான் ஆரம்பம்!