ஓடும் கால்களைக் காப்போம்

ஓட்டத்திற்கு மட்டையும் வேண்டா, வலையும் வேண்டா. இரு கால்களே போதும். ஆனால், அக்கால்கள் தாங்கும் சுமை பெரிது. ஓடும்பொழுது பாதம் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும், உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலைத் தாக்குகிறது. 40 கிலோ எடையுள்ள மாணவரின் கால் 80 முதல் 120 கிலோ வரை தாங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இஃது ஏறத்தாழ 1,000 முறை நிகழ்கிறது.

இச்சுமையால் எலும்பிலும் தசையிலும் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. நாம் ஓய்வு கொள்ளும்பொழுது உடல் அவற்றைச் சீர்செய்து, உறுப்புகளை முன்னினும் வலிமையாக்குகிறது. அதற்குக் காலம் தராமல் மேலும் ஓடினால், சிறு சிதைவு காயமாகிறது. ஆண்டு முழுவதும் ஓடாதிருந்துவிட்டு, விளையாட்டு விழாவிற்கு ஒரு வாரம் முன்பு நாச்சாரத்தின் சிமெண்ட் சாலைகளில் நாள்தோறும் ஓடத் தொடங்குவோர்க்குக் கீழ்க்காலின் முன்னெலும்பு ஓரமாக வலி தோன்றுவது இதனால்தான்.

வளரும் வயதினர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. அவர்களுடைய எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதிகள் இன்னும் மென்மையானவை. தசைநாண்கள் அவற்றை மீண்டும் மீண்டும் இழுப்பதால் குதிகாலிலும், முழங்கால் சில்லின் கீழும் வலி உண்டாகலாம். ஓட்டத்தைக் குறைத்தால் இவ்வலி பெரும்பாலும் தணியும்.

தேர்ந்த வீரர்களும் காயத்திற்கு விலக்கல்லர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூறில் ஒரு பங்கால் பதக்கத்தை இழந்தவர் பி.டி. உஷா. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கிற்குக் குதிகால் காயத்துடன் சென்ற அவர், முதல் சுற்றிலேயே வெளியேறினார். எனினும், 1989ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். காயம் ஓட்டத்தின் முடிவன்று.

வருமுன் காத்தலே நன்று. ஓடுமுன் 10 நிமிடம் நடந்தும் மெல்ல ஓடியும் உடலைச் சூடேற்றுக. தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. தேய்ந்த காலணியை மாற்றுக. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு கொள்க, நன்கு உறங்குக.

கால் சுளுக்கினால் உடனே ஓட்டத்தை நிறுத்துக. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைத்திடுக. வீக்கம் உள்ளபொழுது எண்ணெயிட்டு அழுத்தி உருவுதல் கூடாது. அது வீக்கத்தை மிகுவிக்கும். காலை ஊன்ற இயலாவிடினும், எலும்பில் ஓரிடத்தைத் தொட்டால் கடுமையாக வலித்தாலும் மருத்துவரை நாடுக.

அணியிலிருந்து நீக்கிவிடுவர் என்று அஞ்சி வலியை மறைப்போர் உளர். மறைத்த வலி ஒரு போட்டியை மட்டுமன்று, ஓராண்டையே பறிக்கக்கூடும். வலியைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூறுதல் கோழைத்தனமன்று, அறிவுடைமையாகும்.

சொற்பொருள்
நோவு – வலி (தெலுங்கில் ‘நொப்பி’)
தசைநாண் – தசையை எலும்போடு இணைப்பது
சில்லு – முழங்காலின் முன்னுள்ள வட்ட எலும்பு

வினாக்கள்
1. ஓய்வின்பொழுது உடலில் நிகழ்வது யாது?
2. சுளுக்கிய காலை உடனே உருவக் கூடாது, ஏன்?
3. வலியை மறைக்கும் நண்பருக்கு நீவிர் கூறும் அறிவுரையை ஐந்து வரிகளில் எழுதுக.