கிணற்று ஊற்று எங்கிருந்து வருகிறது?
மலை, காற்று, பாறை, மண் - கோவை வட்டார விவசாயிகள் அறிய வேண்டியவை

கிணற்றில் தண்ணீர் குறைந்ததும் விவசாயிக்கு எழும் முதல் கேள்வி, 'இன்னும் எத்தனை அடி தோண்டலாம்?' என்பதுதான். நகையை அடகு வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் உண்டு. ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டுமே வந்த இடங்களும் உண்டு. ஆனால், தோண்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து, எந்த வழியாக, எவ்வளவு வருகிறது? இதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

நிலம், நீர், காற்று, உயிர்கள் ஆகிய நான்கும் ஒன்றை ஒன்று சார்ந்தே இயங்குகின்றன. ஒன்றில் மாற்றம் நேர்ந்தால் மற்ற மூன்றும் மாறும். இதற்குக் கோவை, திருப்பூர் மாவட்டங்களே நல்ல எடுத்துக்காட்டு.

மலை செய்யும் வேலை

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் தாங்க முடியாது. எனவே மழை மலையிலேயே கொட்டிவிடுகிறது. வால்பாறை அருகே உள்ள சின்னக்கல்லாறு பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்வது இதனால்தான்.

மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று மீண்டும் சூடாகிறது. அதில் மழை இல்லை. போகும் வழியில் நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. இதனால் சமவெளியில் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான். சின்னக்கல்லாறுக்கும் பல்லடத்துக்கும் நேர்த்தொலைவு அதிகம் இல்லை. மழையில் உள்ள வேறுபாடோ நான்கு மடங்குக்கும் மேல்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாத இடைவெளி இருக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாதத்தில் உடுமலை, பல்லடம் பகுதிகளில் வீசும் பலத்த காற்று இதன் வழியே வருவதுதான். இங்கே காற்றாலைகள் நிறைந்திருப்பதும் அதனால்தான். காற்றாலையைச் சுற்றும் அதே காற்று வயல் ஈரத்தையும் வெகுவாகக் காயவைக்கிறது என்பதை விவசாயிகள் மறக்கக் கூடாது.

நம் சமவெளிக்கு அதிக மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. இது வங்கக் கடலைச் சார்ந்தது. தொலைவில் உள்ள பசிபிக் கடல் நீர் சூடாவதும் குளிர்வதும்கூட இந்த மழையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் தென்னை காய்ந்த தோப்புகளைப் பலரும் நேரில் பார்த்திருக்கிறோம்.

அடியில் ஆறு ஓடவில்லை

'ஆழத்தில் ஆறு ஓடுகிறது. எட்டிவிட்டால் வற்றாது' என்று நம்புவோர் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு அது பொருந்தாது. இங்குள்ள பாறைகள் மிகப் பழமையானவை. சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையவை. கெட்டியான இப்பாறைக்குள் தண்ணீர் ஊறி நிற்க இடம் கிடையாது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படிப்பட்ட கடினப் பாறைப் பகுதியே.

பாறைப் பகுதியில் தண்ணீர் நிற்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, வெயிலாலும் மழையாலும் வேர்களாலும் சிதைந்து பொடிந்துபோன மேல் அடுக்கு. நம் முன்னோர் வெட்டிய திறந்தவெளிக் கிணறுகள் இந்த அடுக்கை நம்பியவை. மற்றொன்று, அதன் கீழே பாறையில் உள்ள வெடிப்புகள். ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர் தருபவை இவையே.

ஆழம் கூடக் கூட மேலே உள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் பொதுவாகக் குறுகிக் குறைந்துவிடும். ஆகவே 300 அடியில் கிடைக்காத தண்ணீர் 1,000 அடியில் கட்டாயம் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. கிடைத்தாலும், அது பல ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த நீர். தினமும் மோட்டார் ஓட்டினால் சேர்ந்த வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் தீரும். வெடிப்புகள் வேலியைப் பார்ப்பதில்லை. ஒரு தோட்டத்தில் ஆழமாகத் துளை போட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் இறங்கிவிடலாம். அவரும் ஆழப்படுத்துவார். போட்டியில் இருவருக்கும் கடன்தான் மிஞ்சும்.

ஒரு கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 4,050 லிட்டர் தண்ணீர். 650 மில்லிமீட்டர் பெய்தால் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி ஆவியாகவும் பயிர் வழியாகவும் காற்றுக்கே திரும்பிவிடும். ஒரு பகுதி ஓடைக்கு ஓடும். பாறைப் பகுதியில் நிலத்தடிக்கு இறங்குவது நூற்றுக்குப் பத்துப் பங்கு என்ற அளவில்தான். அதாவது ஏக்கருக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர்.

செலவைப் பார்ப்போம். ஏக்கருக்கு 70 தென்னை. சொட்டு நீரில் மரத்துக்கு நாளொன்றுக்குச் சராசரி 50 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 12 லட்சத்து 77 ஆயிரம் லிட்டர் ஆகிறது. ஆக, ஒரு ஏக்கர் தென்னையின் தேவைக்கு ஏறக்குறைய ஐந்து ஏக்கர் நிலத்தில் இறங்கும் மழைநீர் வேண்டும். சொட்டு நீர் இல்லாமல் வாய்க்காலில் பாய்ச்சினால் இன்னும் கூடும். ஐந்து ஏக்கரிலும் தென்னை வைத்துவிட்டுக் கிணறு வற்றுகிறது என்று வருந்திப் பயனில்லை. வரவுக்குத் தக்க செலவு என்பது தண்ணீருக்கும் பொருந்தும்.

வரவைக் கூட்டும் வழிகள்

மலையை நாம் நகர்த்த முடியாது; பாறையை மாற்றவும் முடியாது. ஆனால் மண்ணும் அதிலுள்ள உயிர்களும் நம் கையில் இருக்கின்றன. மண்புழு துளைத்த மண்ணிலும் வேர் மக்கிய மண்ணிலும் மழைநீர் எளிதாக இறங்கும். மட்கு இல்லாமல் இறுகிய மண்ணில் நீர் வழிந்தோடும். ஓடும்போது மேல்மண்ணையும் கொண்டு போகும். ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அது ஒரே பெருமழையில் போய்விடக்கூடும்.

விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. சித்திரை மழையைப் பயன்படுத்திக் கோடை உழவு செய்ய வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுவது முக்கியம். சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகிவிடும்.

2. நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டலாம். மேல்மட்டத்தில் 40 அடி நீளம், 40 அடி அகலம், 6 அடி ஆழத்தில், பக்கங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று சரிவு விட்டு வெட்டினால் ஒரு முறை நிரம்பும்போது சுமார் 2 லட்சம் லிட்டர் நிற்கும். நல்ல மழை ஆண்டில் இது பல முறை நிரம்பும்.

3. வழிந்தோடும் நீரைப் பழைய கிணற்றில் விடுவதானால், முதலில் ஒரு குழியில் வண்டல் தங்க வேண்டும். பிறகு கல், சல்லி, மணல் அடுக்கிய வடிகுழி வழியாக விட வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் கலந்த நீரைக் கிணற்றில் விடவே கூடாது.

4. காற்று வரும் மேற்கு வரப்பில் வேம்பு, புங்கன், பனை போன்றவற்றை வைத்தால் காற்றின் வேகம் குறைந்து ஈரம் தங்கும். தென்னம்பாளையில் மட்டைகளையும் உரிமட்டைகளையும் எரிக்காமல் மூடாக்காகப் போட வேண்டும்.

5. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றைத் திறந்து வைக்கக் கூடாது. குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. அன்றே உறுதியாக மூடிவிட வேண்டும்.

6. நேரான சுவருள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை நின்றதும் அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து குறிக்கலாம். மாதம் ஒரு முறை கயிற்றில் கல் கட்டிக் கிணற்று நீர்மட்டத்தையும் குறிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக் குறிப்பு இருந்தால், எந்த மழைக்குக் கிணறு எவ்வளவு ஏறுகிறது என்பது தெரியும். எத்தனை ஏக்கருக்குப் பயிர் வைக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

ஊர்க் குளம் எல்லோருடைய கிணற்றுக்கும் பொதுவான ஊற்று. பவானி ஆற்றின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் குழாயில் வரும் நீர் குளத்தில் நின்று இறங்கினால்தான் பயன். வண்டல் படிந்து இறுகிய குளத்தில் நீர் இறங்காது; வெயிலுக்கும் காற்றுக்கும் ஆவியாகிவிடும். உரிய அனுமதி பெற்று வண்டலை எடுத்து வயலில் இட்டால் குளமும் ஆழமாகும், வயலும் வளம் பெறும். குளத்துக்கு மழைநீர் வரும் பள்ளங்களையும் வாய்க்கால்களையும் அடைக்காமல் காப்பது ஊராரின் பொறுப்பு.

இந்த ஐப்பசி மழைக்கு முன் வரப்பை உயர்த்துவதற்கு ஆகும் கூலி, ஆழ்துளைக் கிணற்றுச் செலவில் மிகச் சிறு பங்குதான். முதலில் அதைச் செய்து, ஒரு மழைக்காலம் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு, துளை போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.