குதிரைத்திறன் மட்டும் போதுமா? காரின் எஞ்சின் கொள்ளளவும் டர்போ அளவும் தீர்மானிப்பவை என்ன?

புது தில்லி: புதிய கார் வாங்க நினைப்போர் விவரக் குறிப்பில் முதலில் தேடும் எண் குதிரைத்திறன். அந்தத் திறன் எஞ்சினின் எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நகர நெரிசலில் காரின் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 முதல் 3,000 சுழற்சிகளுக்குள்ளேயே இயங்குகிறது. 6,000 சுழற்சிகளை நெருங்கும்போது மட்டுமே வெளிப்படும் திறன், அலுவலகம் சென்று திரும்புபவருக்கு அதிகம் பயன்படாது.

அதிகத் திறனும் வேண்டும், அன்றாடச் சாலையில் எளிதாக ஓட்டவும் வேண்டும் என்றால், அதற்கு விடை தருபவை இரண்டு: எஞ்சினின் கொள்ளளவு, அதனுடன் இணைக்கப்படும் டர்போசார்ஜரின் அளவு.

கொள்ளளவு என்றால் என்ன?

சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் நகரும் இடத்தின் மொத்தக் கன அளவே எஞ்சின் கொள்ளளவு. இது சிசி அல்லது லிட்டரில் குறிப்பிடப்படுகிறது. 1.5 லிட்டர் எஞ்சின், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை அதிகபட்சமாக 1.5 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். அதாவது 2,000 சுழற்சிகளில் நிமிடத்துக்கு 1,500 லிட்டர். 6,000 சுழற்சிகளில் 4,500 லிட்டர்.

எவ்வளவு காற்று உள்ளே செல்கிறதோ, அதற்கேற்பவே பெட்ரோலை எரிக்க முடியும். எனவே திறனைக் கூட்ட மூன்று வழிகள் உள்ளன: எஞ்சினைப் பெரிதாக்கலாம், அதை வேகமாகச் சுழல விடலாம், அல்லது காற்றை அழுத்தி உள்ளே செலுத்தலாம். மூன்றாவது வழியே டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றார்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுழற்சிகளை எட்டக்கூடியவை.

ஒரே கொள்ளளவு, இரு வேறு இயல்பு

ஹூண்டாய் கிரெட்டா காரில் 2024 முதல் இரண்டு 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் கிடைக்கின்றன. டர்போ இல்லாத எஞ்சின் 115 குதிரைத்திறனும், 4,500 சுழற்சிகளில் 144 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. டர்போ எஞ்சினின் திறன் 160. அதன் 253 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 முதல் 3,500 சுழற்சிகள் வரை சீராகக் கிடைக்கிறது.

முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே திறன். அதன்படி 1,500 சுழற்சிகளில் டர்போ எஞ்சின் சுமார் 54 குதிரைத்திறனை வெளிப்படுத்தும். டர்போ இல்லாத எஞ்சின் தனது உச்ச முறுக்குவிசையை அந்த வேகத்திலேயே தந்துவிடுவதாக வைத்துக்கொண்டாலும் 31-ஐத் தாண்டாது. விவரக் குறிப்பில் 45 குதிரைத்திறனாகத் தெரியும் இடைவெளியை விட, சாலையில் ஓட்டுநர் உணரும் வேறுபாடு பெரிது.

சிறிய டர்போவா, பெரிய டர்போவா?

சிறிய டர்போவின் சக்கரம் எடை குறைந்தது. குறைந்த அளவு புகை வந்தாலே விரைவாகச் சுழன்று அழுத்தத்தை உருவாக்கிவிடும். ஆனால் எஞ்சின் வேகம் கூடும்போது தேவையான காற்றை அதனால் தர முடியாது. புகை வெளியேறுவதற்கும் அது தடையாகிவிடும். பெரிய டர்போ உயர் வேகத்தில் தாராளமாகக் காற்றை வழங்கும். ஆனால் அதைச் சுழற்றத் தேவையான புகை சேரும் வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். இதுவே டர்போ தாமதம்.

அழுத்தம் சேரும் வரையிலான அந்த இடைவெளியில் காரை முன்னே நகர்த்துவது எஞ்சினின் கொள்ளளவு மட்டுமே. மேலும், பெரிய எஞ்சின் குறைந்த வேகத்திலும் அதிகப் புகையை வெளியேற்றும் என்பதால், டர்போ விரைவில் உயிர்பெறும். ஒரு டர்போ பெரியதா, சிறியதா என்பதைத் தனியாகச் சொல்ல முடியாது. எஞ்சினின் அளவோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்.

இதற்கு இந்தியச் சந்தையில் 2021-இல் அறிமுகமான இரு கார்கள் நல்ல எடுத்துக்காட்டு. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் காரின் 2 லிட்டர் எஞ்சின் 421 குதிரைத்திறன் கொண்டது. பிஎம்டபிள்யூவின் சென்னை ஆலையில் பொருத்தப்பட்ட எம்340ஐ காரின் 3 லிட்டர் எஞ்சினின் திறன் அறிமுகத்தின்போது 387. இரண்டின் உச்ச முறுக்குவிசையும் 500 நியூட்டன் மீட்டர்தான்.

ஆனால் 2 லிட்டர் எஞ்சின் அந்த உச்சத்தை 5,000 சுழற்சிகளில்தான் எட்டுகிறது. 3 லிட்டர் எஞ்சினோ 1,850 சுழற்சிகளிலேயே எட்டி, 5,000 வரை தக்கவைக்கிறது. பந்தயத் தடத்தில் முதலாவது ஈர்க்கலாம். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டிய நொடியில், கியரை மாற்றாமலேயே கை கொடுப்பது இரண்டாவது.

வெப்பம் விதிக்கும் எல்லை

காற்றை அழுத்தினால் அது சூடாகும். வெப்பம் மிகுந்தால் சிலிண்டருக்குள் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனைச் சேதப்படுத்தும். நாக்கிங் எனப்படும் இதைத் தடுக்க, அழுத்திய காற்றை இன்டர்கூலர் குளிர்விக்கிறது. எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியும் தேவைப்படும்போது திறனைக் குறைத்துவிடும். கோடை வெயிலில் நெரிசலில் ஊர்ந்து செல்லும் டர்போ கார் சற்று மந்தமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறிய எஞ்சினிலிருந்து அதிகத் திறனைப் பெற முயலும்போது இந்த எல்லை விரைவில் வந்துவிடுகிறது.

வரி விதிப்பின் பங்கு

பெரிய எஞ்சின் வசதியானது என்றால், இந்திய நிறுவனங்கள் சிறிய டர்போ எஞ்சின்களை நாடுவது ஏன்? விடை வரி விதிப்பில் உள்ளது. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த எல்லைக்கோடு இன்றும் நீடிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், இந்த வரம்புக்குள் உள்ள கார்களுக்கு 18 சதவீதமும், அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. 1,200 சிசியைத் தாண்டாமல் திறனைக் கூட்ட டர்போவே நடைமுறை வழி. மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ காரின் 1,197 சிசி எஞ்சின் 130 குதிரைத்திறன் தருவது இதற்குச் சான்று.

வாங்கிய பின் மாற்றலாமா?

குறைந்த விலைக்குக் காரை வாங்கி, பின்னர் பெரிய டர்போவைப் பொருத்திக்கொள்ளலாம் என எண்ணுவோரும் உண்டு. இதில் சட்டச் சிக்கல் உள்ளது. பதிவுச் சான்றிதழில் இடம்பெற்ற விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகை கோரும்போதும் இத்தகைய மாற்றம் தகராறுக்கு இடமளிக்கும். கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் வகையில் பிஸ்டன், கிளட்ச், பிரேக் ஆகியவை வடிவமைக்கப்படவில்லை என்பது வேறு ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

விவரக் குறிப்பில் உச்ச முறுக்குவிசை எந்தச் சுழற்சியில் தொடங்கி எதுவரை நீடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2,000-க்கு முன்பே தொடங்கி 3,500-ஐத் தாண்டி நீடித்தால், அது அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது. எனினும் அந்த எண்கள், ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்திய நிலையில் அளக்கப்படுபவை. திடீரென அழுத்தும்போது ஏற்படும் தாமதத்தை அவை காட்டுவதில்லை.

அதை அறிய சோதனை ஓட்டமே வழி. குடும்பத்தினருடன், குளிர்சாதன வசதியை இயக்கியபடி காரை ஓட்டிப் பார்க்கலாம். மேம்பாலத்தின் ஏற்றத்தில் மெதுவாகச் சென்று, கியரை மாற்றாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கார் தயங்காமல் ஏறினால், எஞ்சினும் டர்போவும் ஒன்றுக்கொன்று பொருந்தியுள்ளன என்று கொள்ளலாம்.