வாடகை வீடுகளில் மின்தீத் தடுப்பு

சென்னை மாநகருக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகள் ஒரு காலத்தில் பெரும்பாலும் ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்தவை. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபின் நிலைமை மாறிற்று. வேலை தேடி வந்தோர்க்குக் குடியிருக்க இடம் வேண்டியிருந்தது. நெல் விளைந்த நிலங்கள் மனைகளாயின. நிலமுடையோர் முதலில் தம் குடும்பத்திற்கென ஒரு கீழ்த்தளம் கட்டினர். கையிற் பணம் சேர்ந்தபோது மாடி எழுப்பி வாடகைக்கு விட்டனர். பின்னர் அதன்மேல் இன்னொரு மாடியும் எழுந்தது. இவ்வளர்ச்சியில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் சுவர்கள் பெருகிய அளவிற்கு, அச்சுவர்களுக்குள் ஓடும் மின்கம்பிகள் பெருகவில்லை. கீழ்த்தளத்து விளக்குகளுக்கென இட்ட கம்பியிலிருந்தே கிளை பிரித்து மேல்தளங்களுக்கும் மின்சாரம் கொண்டு சென்ற வீடுகளை நமது வட்டாரத்தில் இன்றும் எளிதிற் காணலாம்.

முன்பு கிராமங்களிலிருந்து வந்த மனுக்களிற் பல, தெருவிளக்கும் வீட்டு விளக்கும் வேண்டுமென்று கேட்டவை. இன்று இரண்டு அறைகள் கொண்ட சிறு குடித்தனத்திலும் குளிர்சாதனக் கருவி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு, மாவரைக்கும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் யாவும் உள்ளன. இவை குடியிருப்போர் உடைமை. கம்பியோ வீட்டுக்காரர் உடைமை. கம்பியின் வலிமை இன்னதென்று குடியிருப்போர் அறியார். மேலே எவ்வளவு பளு ஏற்றப்படுகிறதென்று வீட்டுக்காரர் அறியார். வாடகை வீட்டின் மின்தீ பெரும்பாலும் இவ்விருவருக்கும் இடைப்பட்ட இடத்திலேதான் பிறக்கின்றது.

செய்தித்தாள்கள் எல்லா மின்தீயையும் ‘மின்கசிவு’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றன. இதனால் நன்மையைவிடத் தீமையே மிகுதி எனலாம். ஏனெனில் காரணங்கள் வேறு. அவற்றைத் தடுக்கும் காவலும் வேறு.

முதலாவது, மிகைப்பளு. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும்; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியரும் இழுக்கும். இவ்விரண்டையும் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால், அது தாங்கவேண்டிய மின்னோட்டம் 13 ஆம்பியர். அதற்குரிய அளவினும் நான்கரை மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் அங்கே எழும். சாதாரணக் கம்பியின் பி.வி.சி. உறை 70 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்துத் தாங்குவதன்று. அது ஒரே நாளில் எரிந்துவிடாது; இறுகி, வெடித்து, உதிர்ந்து, பல மாதங்கள் கழித்து ஒரு நாள் செம்பு செம்பைத் தொடும். அதுவே குறுக்குச் சுற்று.

இரண்டாவது, தளர்ந்த இணைப்பு. இதுவே மிகவும் வஞ்சகமானது. பிளக்கின் துளை அகன்றிருந்தாலும், சுவிட்சின் திருகு தளர்ந்திருந்தாலும், இரு கம்பிகளை முறுக்கி நாடா சுற்றியிருந்தாலும் அவ்விடத்தில் மின்தடை மிகுந்து சூடேறும். பழைய அலுமினியக் கம்பியோடு புதிய செம்புக் கம்பியை வெறுமனே முறுக்கிய இணைப்பு இன்னும் கேடானது. அலுமினியத்தின்மீது படரும் ஆக்சைடு இணைப்பை நாளுக்கு நாள் கெடுத்துவிடும். மூன்றாவதுதான் உண்மையான மின்கசிவு. ஈரம் ஊறிய சுவரிலும் நைந்த உறையிலும் மின்சாரம் வழிதவறிச் செல்வது இது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் புகுந்தது போன்ற நிலை ஏற்படும் வீடுகளில், நீர் வடிந்தவுடன் மெயினைப் போடாமல் முதலில் கம்பிகளைச் சோதித்தல் இன்றியமையாதது.

இனிக் காவலைப் பற்றிக் கூறுவோம். எம்.சி.பி. என்னும் சிறு சுவிட்ச், மிகைப்பளுவையும் குறுக்குச் சுற்றையும் கண்டு தானே விழும். ஆர்.சி.சி.பி. மின்கசிவைக் கண்டு விழும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது ஏற்றது. தளர்ந்த இணைப்பை இவ்விரண்டும் அறியமாட்டா. அங்கே மின்னோட்டம் மிகுவதுமில்லை, வெளியே கசிவதுமில்லை. அதனைக் கண்டறிய வல்லவை நமது மூக்கும் கையுமே. சூடான பிளக், பழுப்பேறிய சுவிட்ச் பலகை, கருகிய பிளாஸ்டிக் வாடை, இஸ்திரி போட்டவுடன் மங்கும் விளக்கு ஆகியவை கண்ட அன்றே அக்கருவியை நிறுத்திவிடல் வேண்டும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று அதனை எடுத்துவிட்டுப் பெரிய அளவுள்ளதைப் பொருத்துவாரும் உளர். பழைய ஃபியூசில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவாரும் உளர். குரைக்கிறதென்று காவல் நாயைக் கட்டிவைப்பது போன்ற செயல் இது. எம்.சி.பி.யின் அளவு கம்பியின் வலிமைக்கு ஏற்ப அமைவது. கருவியின் ஆசைக்கு ஏற்ப அமைவதன்று.

இனிப் பொறுப்பு யாருடையது என்ற வினா எழும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணை பழுதுபார்க்கும் வேலைகளை இரு கூறாக்குகின்றது. வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின்கம்பி அமைப்பு உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், பிளக், எம்.சி.பி. ஆகியவற்றின் சிறு பழுது வாடகைதாரர் பொறுப்பு. எனவே சுவரினுள் இருப்பது ஒருவருடையது, சுவர்மேல் இருப்பது மற்றவருடையது என நினைவிற் கொள்ளலாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதி. அவ்வொப்பந்தத்தில் இன்ன அறையில் குளிர்சாதனக் கருவி வைக்கலாம், அதற்குத் தனிக்கம்பி இவ்வளவு தடிப்பில் உள்ளது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நலம். முன்பணம் பற்றிப் பத்து வரி எழுதும் நாம், மின்கம்பி பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

பிற நாட்டில் இது கட்டாயமாகவே உள்ளது. லண்டன் நகரின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைக் கொண்ட பெருந்தீ, நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையிலிருந்த குளிர்பதனப் பெட்டியில் தொடங்கியதென விசாரணையிற் கண்டனர். அது கோபுரம் முழுவதும் பரவியதற்கு வெளிச்சுவரில் போர்த்திய தகடுகளே பெருங்காரணம். எனினும் தொடக்கம் ஒரு வீட்டு மின்கருவியே. இங்கிலாந்தில் 2020-இல் வந்த விதிப்படி, தனியார் வாடகை வீடுகளின் மின்னமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையோரைக் கொண்டு சோதித்து, அறிக்கையைக் குடியிருப்போரிடம் தருதல் உரிமையாளர் கடமையாகும். நம் மாநிலத்திலும் 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் குளிர்பதனப் பெட்டி தீப்பற்றியதில் இரு பெண்கள் இறந்தமை நினைவிருக்கும்.

குடிபுகுமுன் செய்யவேண்டிய சோதனைக்கு அரைநாட் கூலியே செலவு. மின் உரிம வாரியத்தின் மின்கம்பியாளர் சான்று பெற்றவரை அழைத்து, மெக்கர் கருவியால் கம்பியின் உறையைச் சோதிக்கச் சொல்லலாம். பிளக்கின் மேல்துளைக்கு நிலத்தொடர்புக் கம்பி உண்மையிலேயே வந்துள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். பின்னாற் கட்டிய மாடிகளில் துளை இருக்கும், கம்பி இராது. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 குறையாமலும், குளிர்சாதனக் கருவிக்கும் கீசருக்கும் தனித்தனியே 4 சதுர மில்லிமீட்டரும் இருப்பது நன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குக. ஒரே மின்னிணைப்பில் மூன்று நான்கு குடித்தனம் நடக்கும் வீடுகளில், மின்வாரியத்தில் பதிந்த பளுவை உயர்த்தாமல் கருவிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவது தகாது.

மாடிப்படிக்கு அடியைப் பற்றியும் ஒரு சொல். நமது பகுதிக் கட்டடங்களில் மீட்டர்ப் பலகைகள் பெரும்பாலும் அங்கேதான் உள்ளன. அதே இடத்தில் பெட்ரோல் வண்டிகளையும் பழைய செய்தித்தாள் கட்டுகளையும் வைக்கிறோம். கீழே தீப்பற்றினால் மாடிப்படியே புகைபோக்கியாகிவிடும். மேலிருப்போர் இறங்க வேறு வழியில்லை. இப்போது மின்ஸ்கூட்டரும் அங்கு வந்து சேர்ந்துள்ளது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் மின்னேற்றத்தில் வைத்த ஸ்கூட்டர் தீப்பற்ற, தந்தையும் பதின்மூன்று வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். உறங்கும் நேரத்தில் மின்னேற்றம் செய்யாதிருப்பதும், வெளியேறும் வழியில் வண்டியை வைக்காதிருப்பதும் செலவற்ற காரியங்கள். இரும்புக் கிராதிக் கதவுக்கு இரவில் பூட்டுப் போடுவோர், சாவியைப் பிள்ளைகளும் இருட்டில் தடவி எடுக்கக்கூடிய இடத்தில், உட்புறம் கதவருகே மாட்டிவைக்க வேண்டும்.

தீ கண்டால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். மெயின் அணையாதவரை தண்ணீர் ஊற்றலாகாது. உலர்ந்த மணலோ, உலர்பொடித் தீயணைப்பானோ பயன்படுத்தலாம். புகை மிகுந்தால் பொருளைப் பாராமல் அனைவரும் குனிந்து வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112 எண்ணை அழைக்கவும். தீ அவிந்தபின்னும், மின்கம்பியாளர் வந்து சோதித்துச் சொல்லும்வரை மெயின் சுவிட்சை மீண்டும் போடக்கூடாது.