தாத்தாவின் காரும் சித்தியின் டப்பாவும்

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? இல்லையென்றால் கவலை இல்லை. இருப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும்! கொட்டகையில் தூங்கும் தாத்தா காலத்துக் காரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். கழற்றுவது சுலபம். பூட்டுவதும் கஷ்டமில்லை. பூட்டிய பிறகு அது நேராகப் போக வேண்டுமே, அங்கேதான் இருக்கிறது சங்கதி.

செஞ்சியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கும் அந்த ஆசை வந்தது. 1930களில் இங்கிலாந்தில் பிறந்த சின்னக் கார் அது, தாத்தா வாங்கியது. அவர் காலமான பிறகு கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்தது. ஒரு வருஷம் பாடுபட்டு, உள்ளூர் மெக்கானிக் ஒருவர் துணையோடு, சித்தப்பா அதற்கு உயிர் கொடுத்தார். வெள்ளோட்டம் எங்கே? தளவானூருக்கு!

தளவானூர் தெரியுமல்லவா? செஞ்சிப் பக்கத்துக் கிராமம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தான். சத்துருமல்லன் என்பது அவனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று. அதனால் அது சத்துருமல்லேசுவராலயம். முகப்பில் மகர தோரணம் வெகு அழகு. முன் சீட்டில் சித்தப்பாவும் நானும், பின் சீட்டில் சித்தியும் இரண்டு குழந்தைகளும், மடியில் புளியோதரைத் தூக்கு. புறப்பட்டோம்.

நேர் ரோடிலேயே கார் குடித்தவன் நடை நடந்தது. சித்தப்பா இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு என்று ஓயாமல் திருத்திக்கொண்டே வந்தார். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. திரும்பினோம். திரும்பிய ஸ்டீயரிங் திரும்பியபடியே நின்றது. மற்றக் கார்களில் கையைத் தளர்த்தினால் தானே நேராகுமே, அது ஆகவில்லை. எதிரே புளியமரம்! சித்தப்பா பிரேக்கை மிதித்தார். மரத்துக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. தூக்கு உருண்டது. சின்னவள் வீறிட்டு அழுதாள்.

சித்தி இறங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னாள்: "இனிமே இந்த வண்டி சரியாகிற வரைக்கும் என் குழந்தைங்க இதில் ஏறாது."

அன்று கோயிலைப் பார்த்தோம். ஆனால் யார் மனமும் சிற்பத்தில் இல்லை. அதே மகேந்திரவர்மன் பக்கத்து மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் சொல்லி வைத்திருக்கிறான். இணைப்பே இல்லாத கட்டடத்தில் ஆட்டம் ஏது? கார் அப்படியா? இணைப்புக்கு மேல் இணைப்பு!

சக்கரம் திரும்பும் சூட்சுமம்

கோயில் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் தானாகத் திரும்பாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிச் செருகித் திருப்புவார்கள். நாலு சக்கர வண்டிகள் எளிதாகத் திரும்ப ஒரு வழி கண்டவர் மூனிச் நகரத்தில் வண்டி கட்டிய லாங்கன்ஸ்பெர்கர் என்பவர். அவருடைய யோசனைக்கு லண்டனில் 1818ல் பேடண்ட் வாங்கியவர் ஆக்கர்மன். அதனால் வாங்கியவர் பெயரே நிலைத்துவிட்டது! வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. ஆகவே உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதற்காகத்தான் இரண்டு சக்கரத்தின் கைகளும் சாய்வாக அமைந்து, நடுவே ஒரு டை ராடால் இணைக்கப்பட்டிருக்கின்றன.

இன்னும் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நேராக நின்று, கால் பெருவிரல்கள் இரண்டையும் கொஞ்சம் உள்ளே பார்க்க வையுங்கள். அதுதான் டோ இன். ஓடும்போது முன் சக்கரங்கள் வெளியே விரியப் பார்க்கும். அதற்காக முன்கூட்டியே சிறிது உள்ளே திருப்பி வைக்கிறார்கள். பழைய கார்கள் பலவற்றில் இது ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர்தான். சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது காம்பர். மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள். நேர் செங்குத்தாக இல்லாமல் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறதல்லவா? கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகப் பார்ப்பதற்கு அந்தச் சாய்வும் உதவுகிறது. காரில் சக்கரம் திரும்பும் அச்சாகிய கிங் பின்னுக்கும் அந்தச் சாய்வு, சில டிகிரி அளவு, வேண்டும்.

எங்கே பிசகு?

திரும்பி வந்ததும் சித்தப்பா டோ இன்னைத் திருத்த ஆரம்பித்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை! கார் மாறவில்லை. கம்ப்யூட்டர் வைத்து அலைன்மெண்ட் பார்க்கும் கடைக்கு மெள்ள ஓட்டிப் போனோம். அங்கிருந்த பையன் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி என் மிஷின்லயே இல்லையே சார்!" என்று கையை விரித்தான்.

பிறகு ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், லாரிப் பட்டறையில் வெகு காலம் இருந்தவர், வந்து பார்த்தார். "டோ இன் கடைசி வேலை ஐயா. சமையல் முடியறதுக்கு முன்னாலேயே தாளிச்சா எப்படி?" என்றார். அவர் பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன், கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டயர். இரண்டு பக்கமும் காற்று சமமா? டயரின் மேல் குறுக்கே கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பும், எதிர்ப்பக்கம் தடவினால் தேங்காய்த் துருவியும் தெரிந்தால் டோ இன் பிசகு. கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரத்தின் நடு மட்டும் சுட்டால், அங்கே பிரேக் உரசுகிறது. அதுவும் காரை ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது ஆட்டம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் உறுதியான கட்டையும் வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். டை ராட் முனைகள் எல்லாவற்றிலும் புது ஸ்பிளிட் பின் இருக்க வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடுவது மகா பாவம். அது முறிந்து நட்டும் கழன்றால் ஸ்டீயரிங் கையில், சக்கரம் வேறு வழியில்!

மூன்றாவது, ஸ்டீயரிங் பெட்டி. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்தினால் சக்கரங்கள் நேராகப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியிலிருந்து தொங்கும் கை ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கிறது.

நாலாவது, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளப்பது. அளவு வேறுபட்டால் ஆக்ஸில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தது. பெரியவர் கிங் பின் ஓரமாக மட்டம் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "சாய்வே இல்லையே! ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி தகடு இருந்திருக்கணுமே, எங்கே?"

"எக்ஸ்ட்ரா தகடுன்னு நினைச்சோம்..." என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

சித்தி ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். ஒரு பழைய பவுடர் டப்பாவோடு வந்தாள். காரைக் கழற்றிய நாட்களில், காப்பி கொடுக்க வந்த சமயமெல்லாம், "இது எங்கே இருந்தது? அது எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டுச் சாமான்களை டப்பா டப்பாவாகப் போட்டுச் சீட்டு ஒட்டியவள் அவள். பூட்டும்போது ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. டப்பாவுக்குள் இரண்டு தகடுகள். ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிவு. மூடியின் மேல் சித்தியின் குண்டு எழுத்து: "முன் பக்கம். பட்டைக்கு அடியில். தடிச்ச பக்கம் பின்னாடி."

சித்தப்பா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் சித்தி.

சீட்டில் கண்டபடியே தகடுகள் ஏறின. அவர்கள் காரில் ஆக்ஸில் பட்டைக்கு அடியில் இருப்பதால், தடித்த பக்கம் பின்னால் வரும்போது கிங் பின்னின் தலை பின்னுக்குச் சாய்கிறது. அதன் பிறகே டோ இன். முன் சக்கரங்களைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவே சாக்குக்கட்டியால் சுற்றிலும் கோடு போட்டோம். காரை இறக்கி, சிறிது முன்னே உருட்டி, சக்கரத்தின் மைய உயரத்தில் முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு எடுத்தோம். முன் அளவு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக வரும்வரை டை ராடைத் திருகினோம். நாடாவின் ஒரு முனையைப் பிடித்தது யார் தெரியுமா? சித்திதான்.

சித்தப்பாவும் பெரியவரும் மட்டும் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். வளைவில் திருப்பிக் கையைத் தளர்த்தியதும், ஸ்டீயரிங் அடக்கமாகத் தானே நேராயிற்றாம்.

மறு ஞாயிறு மறுபடியும் தளவானூர். அதே புளியமரத்தைத் தாண்டும்போது சித்தி சின்னவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கார் வளைந்தது, நேராயிற்று, போயிற்று. சித்தி பிடியைத் தளர்த்தினாள்.

"தேருக்கும் கட்டை, காருக்கும் கட்டையா!" என்று சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது கழற்ற ஆரம்பித்தால், நீங்களும் பக்கத்தில் நாலு டப்பாவும் ஒரு பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்டி முடித்த பிறகு டப்பாவில் ஏதாவது மிஞ்சினால், சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்!